நாலாம் நாள் குழி

கிழங்கக்கா தன் மகனின் காலை மண்வெட்டியால் அடித்து ஒடித்தாள். ஒரு அடி அல்ல, இரண்டு அடி. பெற்ற பிள்ளை, ஒரே பிள்ளை, இருபத்து மூன்று வயது. அந்தத் தெருவில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். குரலைத் தாழ்த்தி, வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை உருட்டிச் சொல்வார்கள். சொல்லி முடித்த கையோடு அவளிடமே போய், அடுத்த ஈற்றில் ஒரு ஜோடிக் குட்டி வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டும் வருவார்கள்.

பொய் ஒன்றும் இல்லை. அடித்தாள், ஒடிந்தது. ஆனால் அந்த அடிக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் கிடக்கிறது. அதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

பதினெட்டு வயதில் அவள் ஸ்டார்ச் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். மரவள்ளிக் கிழங்கு கழுவும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை முழங்கை அளவு தண்ணீரில் கை ஊறிக் கிடக்கும். ஆலைக்குப் பின்னால் சக்கை கொட்டுகிற பள்ளம் ஒன்று இருந்தது. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நிற்பாள். காரணம், அங்கே வரும் தெருப்பன்றிகள். அன்றைக்குக் கொட்டிய சக்கையை அவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. அடியில் புளித்துக் கிடந்த பழைய சக்கையைத் தோண்டித் தோண்டித் தின்றன. அவசரப்பட்டுப் பச்சைக் கிழங்கைக் கடித்த குட்டி ஒன்று, அவள் கண் முன்னாலேயே வாயில் நுரை தள்ளி, நாலு காலையும் உதறிச் செத்தது. புளித்ததைத் தின்றவையோ கொழுகொழுவென்று திரிந்தன. அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கசப்புக் கிழங்கில் விஷம் இருக்கிறது, புளித்தால் அது அடங்கிவிடும் என்பதைப் பன்றிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

ஆலைக்கு அடுத்த கட்டடம் பன்றி அறுக்கும் கூடம். பின்னால் அவளுக்குப் புருஷனானவன் அங்கே வெட்டுக்காரன். ஊரில் அவனுக்கு அதுதான் பெயர், தொழில், பெருமை எல்லாம். ஒரே குத்தில் பன்றியைச் சாய்ப்பான். அது இரண்டாவது முறை கத்துவதற்குள் ரத்தம் வாளியில் இறங்கியிருக்கும். வேலியோரம் நின்று அவளைப் பார்த்துச் சிரிப்பான். நல்ல சிரிப்பு. அவள் மயங்கினாள், கல்யாணமும் ஆயிற்று. முதல் வருஷம் அவன் தங்கமாகத்தான் இருந்தான் என்று அவளே சொல்வாள். இரண்டாவது வருஷம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "கை பழகிடுச்சு" என்பாள். அவ்வளவுதான் அவள் விளக்கம். அதற்கு மேல் விளக்கவும் ஒன்றும் இல்லை. வேலையில் நாளுக்கு இருபது உயிரை அடக்குகிறவன், வீட்டுக்கு வந்து இருபத்தோராவதைத் தேடினான்.

பன்றி வளர்க்கலாம் என்பது அவள் யோசனை. வீட்டுக்குப் பின்னால் இடம் கிடந்தது. ஆறு குட்டிகளோடு ஆரம்பித்தாள். ஆலையில் கழித்துப்போட்ட கிழங்கை வாங்கி வந்து, நறுக்கி, டிரம்மில் அடைத்து வைத்தாள். எத்தனை நாள் புளிக்க வேண்டும் என்று அப்போது அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆறாம் நாள் மூடியைத் திறந்தாள். புளித்த வாசனை வந்தது, போதும் என்று நினைத்துவிட்டாள். மதியத்துக்குள் ஆறு குட்டிகளும் வரிசையாகக் கிடந்தன. அவன் வேலை முடிந்து வந்தான், பார்த்தான். அவள் பன்றிக் கொட்டடிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவன் அந்த இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். அவள் இடது கை நடுவிரல் இடையில் இருந்தது. தெரியாமல் சாத்தவில்லை, தெரிந்துதான் சாத்தினான். அந்த விரல் இன்றைக்கும் மடங்காது. யாரையோ குற்றம் சொல்லிச் சுட்டுவது போல நீட்டிக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகு இருபத்தொரு நாள் ஆகாமல் அவள் எதையும் திறந்ததில்லை. சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுவாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி, "புருஷன் வெளியூரு போனாக்கூட இப்படி நாள் எண்ண மாட்ட போலயே" என்று கேலி செய்வாள். "அவரு போனா எதுக்கு எண்ணணும்? திரும்பி வராம இருந்தாத்தான் எண்ணுவேன்" என்பாள் இவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவன் வருகிறானா என்று பார்த்துக்கொள்வார்கள்.

டிரம் போய்க் குழி வந்தது. தரைக்குள் சிமென்ட் போட்ட குழி, பத்தடி ஆழம், இறங்க ஒரு இரும்பு ஏணி. வேலை இடுப்பை ஒடிக்கும். கிழங்கை மண் போகக் கழுவ வேண்டும். மெஷினில் கொடுத்து விரல் அளவாக நறுக்க வேண்டும். குழியில் ஒரு முழம் கொட்டி, உப்புத் தூவி, தவிடு கலந்து, ஏறி நின்று மிதிக்க வேண்டும். காற்றே இல்லாமல் மிதிக்க வேண்டும். காற்று இருந்தால் பூசணம், பூசணம் வந்தால் பன்றிக்குப் பேதி. மேலே பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் மணல் மூட்டை. இருபத்தொரு நாள் கழித்துத் திறந்தால் மஞ்சளும் வெளுப்புமாக, மூக்கில் ஏறுகிற நல்ல புளிப்பு. அந்த வாசனை வந்ததும் நாற்பது பன்றிகளும் கொட்டடிக் கம்பியில் மோதும். அந்த மோதலில் பலவீனமானது மிதிபடும். வாய்க்கு வாய் கடித்துக்கொள்ளும். ஒரு முறை, தீனித்தொட்டிக்கு முந்தப் போய், பெரிய ஆண்பன்றி ஒன்று இன்னொன்றின் வயிற்றைக் கிழித்துவிட்டது. குடல் தொங்கத் தொங்க அது தொட்டியில் வாயை வைத்துத் தின்றுகொண்டே இருந்தது. அவன் வந்து அதை அங்கேயே வெட்டினான். அந்த வேலையில் மட்டும் அவன் ஒரு நாளும் சுணங்கியதில்லை.

மெழுகுவத்தி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம், நாய் துரத்தி வந்த சேவல் ஒன்று பாதி நிரம்பிய குழிக்குள் பறந்து இறங்கியது. இரண்டு முறை சிறகை அடித்தது. அப்படியே படுத்துவிட்டது. கிழங்கக்கா குழி விளிம்பில் நின்று பார்த்தாள். காயம் இல்லை, ரத்தம் இல்லை, இருந்தும் சேவல் செத்துக் கிடந்தது. அவள் ஒரு தகர டப்பாவில் மெழுகுவத்தியை நட்டு, பற்ற வைத்து, கயிற்றில் கட்டி இறக்கினாள். பாதி தூரம் போனதும், யாரோ வாயால் ஊதியது போலப் பட்டென்று அவிந்தது. மறுபடி இறக்கினாள். மறுபடி அவிந்தது. கிழங்கு புளிக்கிற முதல் வாரத்தில் ஒரு காற்று கிளம்புகிறது, அது மேலே ஏறாமல் குழிக்குள்ளேயே தேங்கி நிற்கிறது, நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது, அதில் தீயும் நிற்காது, மூச்சும் நிற்காது. இவ்வளவும் அவளுக்கு அன்றைக்கே புரிந்தது. அதிலிருந்து மெழுகுவத்தி இறக்கிப் பார்க்காமல் அவளோ மகனோ குழியில் கால் வைத்ததில்லை.

புருஷன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "கிழங்குக்கு மெழுகுவத்தி ஏத்துற பைத்தியத்த எங்க வீட்லதான்டா பாக்கலாம்" என்று அறுப்புக் கூடத்தில் எல்லோரிடமும் சொன்னான். தீனி வேலையில் அவன் கை வைத்ததே இல்லை. வளர்ப்பது அவள், அறுப்பது அவன். பன்றி எப்படிக் கொழுத்தது என்று அவன் கேட்டதும் இல்லை.

மகன் வளர்ந்தான். அம்மாவின் தோள், அப்பாவின் மணிக்கட்டு, வாய் மட்டும் யாருடையதும் இல்லை. பேசவே மாட்டான். பத்தொன்பது வயதில் ஒரு முறை, அம்மாவை அடிக்க ஓங்கிய கையைப் பிடித்தான். பிடித்த பிடியில் அப்பன் ஒரு நொடி திகைத்துப் போனான். அடுத்த நொடி தலையால் முட்டினான். மகனுக்கு முன்பற்கள் இரண்டு போயின. அதற்குப் பிறகு மகன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அப்பன் உள்ளே அடிக்கும்போது இவன் கொட்டடியில் ஹோஸைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் நிற்பான். கொட்டடி அந்தத் தெருவிலேயே சுத்தமான இடமாக இருந்தது.

ஒத்தக்காதி என்றொரு தாய்ப்பன்றி இருந்தது. கிழங்கக்காவின் முதல் நல்ல ஈற்றின் வழியில் வந்தது. ஏழு ஈற்றில் எழுபது குட்டிக்கு மேல் போட்டிருக்கிறது. அதன் இடது காதை அப்பன்தான் அறுத்தான். அவன் கத்தியோடு அந்தப் பக்கம் போனாலே அது மட்டும் உறுமும் என்பதற்காக, ஒரு நாள் கயிற்றில் கட்டி, சும்மா, அறுத்துத் தூக்கி வீசினான். பன்றிக்கு நினைவு இல்லை என்று சொல்கிறவர்கள் ஒத்தக்காதியைப் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் காத்திருந்து, அவன் கொட்டடிக்குள் குனிந்த ஒரு மத்தியானத்தில், கெண்டைக்கால் சதையைப் பிடுங்கி எடுத்தது.

அது நடந்தது குழியில் கிழங்கு போட்ட மூன்றாம் நாள். அவன் தையல் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் பன்றியிடம் போகவில்லை, அவளிடம் வந்தான். "நீ வளர்த்த வளர்ப்பு" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். கொட்டடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் நாலாம் நாள். அந்தத் தடவை கிழங்கு பாதிதான் வந்திருந்தது. அதனால் குழி பாதிதான் நிரம்பியிருந்தது. மிச்சக் கிழங்கு லாரியில் வருகிறது என்று தகவல் வந்ததும், மேலே கொட்டி மிதிக்கலாம் என்று காலையிலேயே ஷீட்டைச் சுருட்டி வைத்தார்கள். மகன் மெழுகுவத்தியை இறக்கினான். இடுப்பளவு போவதற்குள் அவிந்தது.

"இன்னிக்கு வேணாம்மா. நாளைக்குப் பாக்கலாம்" என்றான்.

"சரி. லாரிய மட்டும் இறக்கிக்குவோம்" என்றாள் அவள்.

லாரி வாசலில் நின்றது. டிரைவரும் லோடுமேனும் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகன் கொட்டடியைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்போது அவன் வந்தான், நொண்டிக்கொண்டு, கையில் நீளக் கத்தி, தோளில் கயிறு. நேராக ஒத்தக்காதியிடம் போனான். கிழங்கக்கா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"ஏங்க, அது சினையா இருக்குங்க. இன்னும் ரெண்டு வாரத்துல குட்டி போட்டுடும். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"வழிய விடுடி."

"வயித்துல பத்து உசுரு இருக்குங்க!"

அவள் முடியைப் பிடித்துத் தீனித்தொட்டியின் சிமென்ட் விளிம்பில் அவள் தலையை மோதினான். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு அவளாகவே விழுந்துவிட்டாள். கண்ணில் ரத்தம் இறங்கியது. அவன் கத்தியைக் கொட்டடிச் சுவரில் வைத்துவிட்டு, கயிற்றில் சுருக்குப் போட ஆரம்பித்தான். பன்றியின் மேல்தாடையில் சுருக்கு விழுந்துவிட்டால் அப்புறம் அது அசைய முடியாது. கதறத்தான் முடியும். ஒத்தக்காதி கதறியது. ஒன்று கதறினால் நாற்பதும் கதறும். அந்தச் சத்தத்தில் வாசலில் நின்றவர்களுக்கு வேறு எதுவும் கேட்டிருக்காது.

கிழங்கக்கா எழுந்தாள். சுவரில் இருந்த கத்தியை எடுத்தாள்.

எடுத்தபோது என்ன நினைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. குத்தலாம் என்றுகூட நினைத்திருக்கலாம். இருபத்தைந்து வருஷம் வாங்கியவளுக்கு அப்படி ஒரு நினைப்பு வந்தால், அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? அவன் திரும்பினான். கத்தி அவள் கையில் இருப்பதைப் பார்த்தான். கயிற்றை விட்டுவிட்டு அவளை நோக்கி வந்தான்.

"குடுடி."

அவள் பின்வாங்கினாள். குழி விளிம்பு காலில் தட்டியது. அவன் இன்னும் ஓரடி வந்தான். அவள் கத்தியைக் குழிக்குள் வீசினாள்.

கத்தி நறுக்கிய கிழங்கில் குத்தி நின்றது. பிடி மேலே, வெயிலில் பளபளவென்று. அவன் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பழைய, நல்ல சிரிப்பேதான்.

"எடுத்துட்டு வரேன். ஏறி வந்ததும் முதல்ல உனக்குத்தான், அப்புறம் அதுக்கு" என்றான். குனிந்து பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டான். கட்டுப் போட்ட காலை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான். ஏணி எதிர்ப்பக்கம் இருந்தது. அவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குதித்தான்.

"இறங்காதீங்க!" என்று கத்தினாள் கிழங்கக்கா.

அவன் முழங்கால் வரை கிழங்கில் புதைந்து நின்றான். கத்தியை எடுக்கக் குனிந்தான். நிமிரவில்லை. ஒரு கை பிடியைத் தேடித் துழாவியது. பிறகு வாயைத் திறந்து திறந்து மூடினான், தொட்டியிலிருந்து வெளியே விழுந்த மீனைப் போல. முகம் கிழங்குக்குள் போயிற்று.

அப்போதுதான் மகன் வந்தான். ஹோஸை அப்படியே போட்டுவிட்டு, "அப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தான். ஹோஸ் தரையில் பாம்பாகத் துள்ளித் தண்ணீரை இறைத்தது. அவன் கண்ணில் குழியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவனைப் பிடித்து நிறுத்த அவளால் முடியாது, அவன் அவளைப்போல் இரண்டு மடங்கு. சுவரோரம் மண்வெட்டி இருந்தது. எடுத்தாள். பின்பக்கத்தைத் திருப்பி, இருபத்தைந்து வருஷத்து வலுவையும் சேர்த்து, ஓடி வருகிறவனின் முழங்காலில் போட்டாள். சத்தம் கேட்டது. மகன் குழிக்கு இரண்டடி இந்தப் பக்கம் விழுந்தான்.

பன்றிகளின் கதறலுக்கு நடுவே இந்த அலறல் வித்தியாசமாகக் கேட்டு, டிரைவரும் லோடுமேனும் உள்ளே ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தது இதைத்தான்: முகமெல்லாம் ரத்தமாக ஒரு பெண், தரையில் விழுந்து கிடக்கிற மகன், அவன் மேல் இரண்டாவது முறையாக இறங்குகிற மண்வெட்டி.

"ஐயோ, அக்கா! என்னக்கா பண்றீங்க?"

அவள் மண்வெட்டியை அவர்கள் பக்கம் திருப்பினாள். "ஒருத்தன் கிட்ட வரக் கூடாது! குழியில காத்து இருக்கு. இறங்கினவன் ஏற மாட்டான். கொக்கி எடுங்க. பன்னி தூக்குற கொக்கி, அந்தத் தூண்ல மாட்டியிருக்கு, எடுங்கடா!"

லோடுமேன் அவளை நம்பவில்லை. சுற்றிக்கொண்டு ஏணிப் பக்கம் போகப் பார்த்தான். அவள் மண்வெட்டியை வீசினாள். அது அவன் காதோரம் பறந்து சுவரில் மோதியது. அதற்குப் பிறகு அவன் நகரவில்லை. பயத்தில்தான் நின்றான், புரிந்து நிற்கவில்லை. ஆனாலும் நின்றான், அதனால் இன்றைக்கு இருக்கிறான்.

கொக்கியை டிரைவர் கொண்டுவந்தான். அவளே வாங்கி, விளிம்பில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே நீட்டாமல் கொக்கியை மட்டும் இறக்கித் துழாவினாள். சட்டையில் மாட்டியது, கிழிந்தது. பெல்ட்டில் மாட்டியது, நழுவியது. மூன்றாவது முறை தோளுக்குக் கீழே சதையில் ஏறியது. அவள் நிறுத்தவில்லை. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆயிரம் பன்றிகளை அவன் தூக்கி மாட்டிய அதே கொக்கியில் அவன் மேலே வந்தான். அவள் அவன் வாயிலிருந்து கிழங்கைத் தோண்டி எடுத்தாள், நெஞ்சை அமுக்கினாள், குத்தினாள். செத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் தலையில் கட்டோடு உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். கத்தியை வீசியது தானேதான் என்பதையும் சொன்னாள். "காத்தாவது, ஆளக் கொல்றதாவது. கதை விடறியா?" என்றார் அவர். அவள் மெழுகுவத்தி டப்பாவை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் இறக்கினார், அவிந்தது. மறுபடி பற்ற வைத்து இறக்கினார். மூன்றாவது முறையும் அவிந்த பிறகு, அவர் குழியை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டு எழுத ஆரம்பித்தார். வழக்கு அத்தோடு முடிந்தது.

தெருவில் முடியவில்லை. புருஷன் சாகட்டும் என்று மகன் காலை ஒடித்தவள் என்றார்கள். அவளுக்காகப் பரிந்து பேசிய தையல்காரியே ஒரு இடத்தில் தடுக்கி நின்றாள். "முதல் அடி சரி. புள்ளையக் காப்பாத்த அடிச்சா. விழுந்துட்டான்ல? விழுந்தவன எதுக்கு ரெண்டாவது தடவ அடிச்சா?"   கேட்பவர்களிடம் எல்லாம் காரணம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை கிழங்கக்கா. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மகன் காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. அவள்தான் கழுவினாள், துடைத்தாள், ஊட்டினாள். அவன் வாய் திறந்து தின்றான், பேச மட்டும் திறக்கவில்லை. முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. வலியில் நினைவு தப்பியதால் அன்றைக்கு விழுந்த பிறகு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை, டிரைவர் சொல்லித்தான் தெரியும். டிரைவருக்குத் தெரிந்ததோ இரண்டாவது அடி மட்டும்தான். ஒத்தக்காதி பதினோரு குட்டி போட்டது. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, கொட்டடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அவளை அரித்தது தெருவின் பேச்சு இல்லை. வேறொன்று. யாரும் அவளைக் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, தையல்காரி கேட்கவில்லை. அதை மகன் ஒரு நாள் கேட்டுவிடுவானோ என்ற பயத்திலேயே எட்டு மாதம் ஓட்டினாள். கேட்டால் அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போய்விட்டால் அவளுக்கு மிச்சம் நாற்பது பன்றிகளும் ஒரு குழியும்தான்.

எட்டாம் மாதம் குழியில் புதுக் கிழங்கு போட்டார்கள். நாலாம் நாள் காலை மகன் நொண்டிக்கொண்டு வந்து, விளிம்பில் உட்கார்ந்து, நீட்டிய காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மெழுகுவத்தியை இறக்கினான். பாதியில் அவிந்தது. கயிற்றைச் சுருட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா."

அவள் கையிலிருந்த உப்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீ 'இறங்காதீங்க'ன்னு கத்தினியே, எப்பம்மா கத்தின?"

எதைப் பயந்தாளோ அதையே கேட்டுவிட்டான். பொய் சொல்ல இடம் இருந்தது. அவன் நம்பவும் கூடும்.

"அவரு குதிச்சப்புறம்" என்றாள்.

மகன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சாரு. பேன்ட்ட மடிச்சு விட்டாரு. காலத் தடவிப் பாத்தாரு. அவ்வளவு நேரம் இருந்துச்சுடா. பயத்துல வாய் வரலன்னு சொன்னா பொய். நான்தான் தொறக்கல. கால் தரைய விட்டுப் போனப்புறம்தான் தொறந்தேன்."

சொல்லிவிட்டு, எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறவளாக நின்றாள். அடி வாங்குவது அவளுக்குப் புதிதில்லை.  கொட்டடியில் குட்டிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கத்தின.

"நான் ஹோஸப் புடிச்சிட்டுக் கொட்டடியில நின்னேன்" என்றான் கடைசியில். "அவரு உன் தலைய மோதினது தெரிஞ்சது. நீ கத்திய வீசினது தெரிஞ்சது. காலையில மெழுகுவத்தி இறக்கினதே நான்தானம்மா. அவரு குனிஞ்சு பேன்ட்ட மடிச்சப்ப, 'குதி'ன்னு நெனச்சேன். மனசுக்குள்ள சத்தமா நெனச்சேன். நீயாவது கத்தின."

 இருபத்து நாலு வயது ஆண்பிள்ளை, முன்பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிறகு முதல் முறையாக, மடங்காத அந்தக் கால்மேல் மடங்காத விரலோடு கையை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. முதல் அடியிலயே விழுந்துட்டேன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு இன்னொரு அடி?"

கிழங்கக்கா அவனைப் பார்த்தாள். எட்டு மாதமாகத் தெரு முழுக்கக் கேட்ட கேள்வி, இப்போதுதான் கேட்க வேண்டியவன் கேட்டிருக்கிறான்.

"விழுந்தும் தவழ்ந்து போயிட்டே இருந்தடா" என்றாள்.